மூன்று கால் முயல்

இங்கிலாந்தில் ஒரு புல்வெளி. உங்கள் பக்கத்தில் ஒரு நாய். முன்னால் இரண்டு விலங்குகள் காதை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று கொஞ்சம் பெரியது, கால் நீளம், காது நுனியில் கறுப்பு. இன்னொன்று சின்னது, உருண்டையானது. முதலாவதன் மேல் நாயை ஏவினால் நீங்கள் குற்றவாளி. இரண்டாவதன் மேல் ஏவினால், நிலத்துக்காரர் சம்மதம் இருக்கும்வரை, ஒன்றும் ஆகாது. 2004இல் வந்த வேட்டைச் சட்டம் நரி, மான், ஹேர் எல்லாவற்றையும் நாய் வைத்து வேட்டையாடுவதைத் தடை செய்தது. எலிக்கும் ராபிட்டுக்கும் மட்டும் விலக்கு கொடுத்தது.

தமிழில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஹேரும் முயல்தான், ராபிட்டும் முயல்தான். நம் காட்டில் இருப்பது ஹேர் வகை. குழி தோண்டிக் கூட்டமாக வாழும் ராபிட்டை நாம் கூண்டில்தான் பார்த்திருக்கிறோம். (இந்தக் கட்டுரையில் முயல் என்றால் அந்தக் குழிமுயல்தான். மற்றதை ஹேர் என்றே சொல்லிவிடுகிறேன்.) இங்கே சஃபோக் பக்கம் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வலி விஷயத்தில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே மாதிரி நரம்பு, ஒரே மாதிரி பயம். விலங்குகள் யோசிக்கின்றனவா, பேசுகின்றனவா என்பதல்ல, வலியை உணருமா என்பதே கேள்வி என்று 1789இலேயே பெந்தம் எழுதிவிட்டார். அவர் நாட்டுச் சட்டமோ வலியை வைத்துக் கோடு போடவில்லை. வேறு எதையோ வைத்துப் போட்டிருக்கிறது.

அந்த வேறு ஏதோ ஒன்று, முயல் ஒரு பீடை என்பது. பெஸ்ட். அந்தச் சொல் ஒட்டியவுடன் அந்த விலங்கைச் சுற்றியிருந்த பல வேலிகள் விழுந்துவிடுகின்றன.

ஆனால் முயல் பிறவியிலேயே பீடை இல்லை. இதுதான் எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. முயலின் சொந்த ஊர் ஸ்பெயினும் போர்ச்சுகலும். நார்மன்களின் காலத்தில்தான் அது பிரிட்டனில் பண்ணை விலங்காக நிலைத்தது. அப்போது அதற்கு இந்த ஊர்க் குளிரும் ஈர மண்ணும் ஒத்துக்கொள்ளவில்லை. அது தோண்டுவதற்கு வசதியாக மனிதர்களே மண்ணைக் கொட்டி நீளமான மேடுகள் அமைத்துக் கொடுத்தார்கள். தொல்லியலாளர்கள் அவற்றைத் தலையணை மேடு என்கிறார்கள். இறைச்சியும் தோலும் செல்வந்தர்களுக்கு. ஒரு முயல் ஒரு கோழியைவிடப் பல மடங்கு விலை. என் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் தெட்ஃபர்ட் வந்துவிடும். அங்கே காட்டுக்குள் 1400 வாக்கில் ஒரு மடத்துத் தலைவர் கட்டிய கல் வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. தடிமனான சுவர், சின்னச் சின்ன ஜன்னல், பார்த்தால் குட்டிக் கோட்டை மாதிரி இருக்கும். அது முயல் காவல்காரனின் வீடு. ஆயுதத்தோடு திருட வருகிறவர்களிடமிருந்து முயல்களைக் காப்பாற்ற அவ்வளவு கனமான சுவர் தேவைப்பட்டிருக்கிறது.

அப்புறம் முயல் தப்பித்தது, பழகியது, பெருகியது. பெருகிய பிறகும் அது ஜமீன்தாரின் சொத்தாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. 1828இல் வந்த இரவுத் திருட்டு வேட்டைச் சட்டப்படி, ராத்திரியில் அடுத்தவர் நிலத்தில் முயல் பிடித்து மூன்றாம் முறை மாட்டினால் ஏழு வருட நாடுகடத்தல். ஏழையின் பயிரை முயல் தின்னலாம், ஏழை முயலைத் தின்னக் கூடாது. நிலத்தை உழுகிறவனுக்குத் தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்ல யாராலும் பறிக்க முடியாத உரிமை 1880இல்தான் கிடைத்தது. கிளாட்ஸ்டனின் அரசு கொண்டுவந்த சட்டம் அது. அதனால் முயலைக் கொல்வது என்பது இந்த மண்ணில் வெறும் கொடூரத்தின் கதை மட்டும் இல்லை. குத்தகை விவசாயிகள் கேட்டுப் பெற்ற ஒரு உரிமையின் கதையும்கூட. விலங்குநேயம் பேசும் என் நகரத்து நண்பர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1954இல் அது தலைகீழானது. பீடைகள் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்கீழ் இங்கிலாந்தும் வேல்ஸும் ஏறக்குறைய முழுதாக முயல் ஒழிப்புப் பகுதி. நிலம் வைத்திருப்பவர் முயலைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும், குறைந்தது பக்கத்து வயலுக்குச் சேதம் வராமலாவது பார்க்க வேண்டும். விலக்கு மூன்றே இடங்களுக்கு: சில்லித் தீவுகள், ஸ்கோக்கம் என்ற சின்னத் தீவு, லண்டனின் வங்கிகள் குவிந்திருக்கும் சிட்டி பகுதி. வங்கிக்காரர்களுக்கு மட்டும் முயல் கொல்லும் கடமை கிடையாது. காவல் கோட்டையிலிருந்து கட்டாயக் கொலைவரை ஐநூற்றைம்பது வருடம். அத்தனை காலமும் முயல் அதே முயல்தான், அதே புல்லைத்தான் தின்றது. எங்கள் தொழிலில் ஒரு பழைய ஜோக் உண்டு: அது பக் இல்லை, ஃபீச்சர். எது எது என்பது யார் டிக்கெட் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

*

சரி, கொல்வது என்று ஆகிவிட்டது. எப்படி?

சுருக்குக் கண்ணியிலிருந்து ஆரம்பிக்கலாம். மெல்லிய பித்தளைக் கம்பிகளை முறுக்கி ஒரு வளையம். முஷ்டி அளவு இருக்கும். முயல் புல்லில் தினமும் ஒரே பாதையில்தான் தாவிப் போகும். கூர்ந்து பார்த்தால் கால் படும் இடம் பள்ளமாகவும் தாண்டும் இடம் புல் நிமிர்ந்தும் மாறி மாறித் தெரியும். அந்த நிமிர்ந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு கையகல உயரத்தில் வளையத்தைத் தொங்கவிட்டு, ஒரு முளையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி முயல் தாவும்போது தலை உள்ளே போகும். இழுக்க இழுக்க இறுகும். சில முயல் சீக்கிரம் சாகும். சில முயல் விடியும்வரை கிடக்கும். பூனை விழும், பேட்ஜர் விழும். கம்பிக்கு வித்தியாசம் தெரியாது.

பொறி இன்னும் மோசம். ஜின் பொறி என்று ஒன்று இருந்தது. எஃகு வில், நடுவில் தட்டு, இரண்டு பக்கமும் பல் வைத்த தாடை. மிதித்தால் காலைக் கவ்வும். எலும்பு நொறுங்கும், உயிர் போகாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நாம் பிடிவாதக்காரரைக் கேலி செய்வோம். ஜின் பொறி வைத்தவன் அதைச் சொன்னால் பொய்யில்லை. இழுத்து இழுத்துக் காலைப் பொறியிலேயே விட்டுவிட்டுத் தப்பும் முயல்கள் உண்டு. ஒரு சின்ன விஷயம்: இந்த 'ஜின்' குடிக்கிற ஜின் இல்லை. எஞ்சின் என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். என் பட்டத்தில் இருக்கும் எஞ்சினியரிங்குக்கும் அந்தப் பல்லுக்கும் ஒரே வேர். சாமர்த்தியம் என்று அர்த்தம்.

தென்மேற்கு இங்கிலாந்தில் முயல் இறைச்சி ஒரு வியாபாரமாக இருந்த காலத்தில் தொழில்முறைப் பொறிக்காரர்கள் ஜின்களை வரிசையாகப் புதைத்து வைத்தார்கள். அவர்களுக்கு முயல் முழுதாக ஒழிந்துவிடக் கூடாது, அடுத்த வருடமும் பிழைப்பு நடக்க வேண்டும். முயலைத் தின்னும் ஸ்டோட், வீசல் போன்ற சிறு விலங்குகளும் அதே பொறியில் செத்தன. ஒழிப்பு என்று பெயர், நடந்தது கிட்டத்தட்ட வளர்ப்பு. மேஜர் சார்லஸ் ஹியூம் 1926இல் ஆரம்பித்த விலங்கு நல அமைப்பு இந்தப் பொறிக்கு எதிராக முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. கோபத்தால் மட்டும் அல்ல, மாற்றுப் பொறி என்ன, மாற்று முறை என்ன என்று பொறுமையாகக் கணக்குக் காட்டி. 1958 ஜூலை கடைசியோடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜின் சட்டவிரோதமானது. சுருக்குக் கண்ணியை வேல்ஸ் 2023இலும் ஸ்காட்லாந்து 2024இலும் முற்றாகத் தடை செய்தன.

நாய்க்கும் ஃபெரட்டுக்கும் வருகிறேன். ஃபெரட் கீரியை நினைவூட்டும் நீளமான சின்ன விலங்கு, வளர்ப்புப் பிராணி. குளிர்காலத்தில் புதர் வாடியபின் வருவார்கள். முதலில் நாய் குழிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கும். உள்ளே ஆள் இருந்தால் அப்படியே உறைந்து நிற்கும். காலிக் குழி என்றால் தாண்டிப் போய்விடும். பிறகு எல்லா வாய்களிலும் சுருக்குப் பை மாதிரியான வலையைப் போர்த்தி, முளை அடித்து, ஒரு வாயில் ஃபெரட்டை விடுவார்கள். அதன் கழுத்தில் இப்போதெல்லாம் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். உள்ளே தடதடவென்று சத்தம். முயல் வெளியே பாயும், வலை சுருங்கும், ஆள் போய் எடுத்துக் கழுத்தை ஒரு நொடியில் ஒடிப்பார். வலை தப்பி ஓடுவதை லர்ச்சர் துரத்தும். லர்ச்சர் என்பது வேட்டை நாயையும் ஆடு மேய்க்கும் நாயையும் போன்றவற்றைக் கலந்த கலப்பினம். திருட்டு வேட்டைக்காரர்களின் நாய் என்று அதற்கு ஒரு பழைய கெட்ட பெயர்.

*

போன வருடம் இலையுதிர்காலத்தில் இந்த விஷயம் என் மேஜைக்கே வந்தது. இங்கே அலாட்மென்ட் என்று ஒன்று உண்டு. ஊராட்சி நிலத்தைத் துண்டு துண்டாக வாடகைக்கு விடுவார்கள், நாம் காய்கறி போட்டுக்கொள்ளலாம். எனக்கும் மனைவிக்கும் ஒரு துண்டு. கீரை, பட்டாணி, கோஸ். பக்கத்து ரயில்வே சரிவில் முயல் குழிகள் பெருகி, எங்கள் நாற்பது துண்டுகளில் பாதி மொட்டையானது. சங்கக் கூட்டத்தில் நான்கு யோசனைகள். கம்பி வேலி. குழிக்குள் பாஸ்பீன் வாயு, அதாவது நம் ஊரில் தானியக் கிடங்கில் போடுகிற அதே மாத்திரை, மண் ஈரத்தில் பட்டுப் புகையும். கண்ணி. கடைசியாக, ஃபெரட்டும் லர்ச்சரும் வைத்திருக்கும் ஓர் ஓய்வுபெற்ற மின்பணியாளர். எல்லாரும் ஏதாவது ஒன்றுக்குக் கை தூக்க வேண்டும்.

வேலிக்கு நான் முதலில் கை தூக்கினேன், அது யாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் கையில் இருந்த பணத்தில் மூன்று பக்கம்தான் அடைக்க முடியும். தவிர, வேலி முயலைக் கொல்லாமல் விடுகிறது என்பதும் பாதி உண்மை. எங்கள் கோஸ் கிடைக்காத முயல் பக்கத்து கோதுமை வயலுக்குப் போகும். ஏழெட்டிலிருந்து பத்து முயல் ஓர் ஆட்டுக்குச் சமமாகத் தின்னும் என்று இங்கே விவசாயிகள் கணக்குச் சொல்வார்கள். அந்த வயல்காரர் மாத்திரை போடுவார். அந்தக் கோதுமை ரொட்டியாகி என் வீட்டுக்கு வரும். நான் இறைச்சி சாப்பிடாதவன். அதனால் எனக்காக யாரும் சாகவில்லை என்று நினைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. இந்த நாட்டின் ஒரு வயல் வரப்பில் அரை நாள் நின்றால் அந்த வசதி போய்விடும்.

ஆக மீதி மூன்று. எனக்கு உடனே நாய்தான் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டுக்கொண்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

கண்ணியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அது ஒரு க்ரான் ஜாப். எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். நான் தூங்கும்போது அது என் சார்பில் வேலை செய்யும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே முயல் பொறியைத் தினம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கண்ணிக்கு அதே தினசரி விதி 1981இல் வந்தது. நல்ல விதிதான். ஆனால் அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஓர் உயிர் கம்பியில் கிடக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட நேரம், அதிகபட்சம் ஒரு நாள். எங்கள் ஆபீஸில் சர்வர் விழுந்தால் பதினைந்து நிமிடத்தில் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

நாய் விஷயத்தில் ஆள் அங்கே நிற்கிறார். அவர் கண் முன்னால், அவர் கையில்தான் அது முடிகிறது. இது நேர்மையானது என்று எனக்குத் தோன்றியது.

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "முயலுக்கு நீ நிக்கறியா இல்லையான்னு என்ன இருக்கு? நேர்மை உனக்கு. வலி அதுக்கு," என்றாள். சரியான கேள்வி. துரத்தப்பட்டுச் சாவதைவிடத் தூக்கத்தில் வாயு நுழைந்து சாவது முயலுக்குச் சுலபமாக இருக்கலாம். ஃபெரட் நுழையும்போது குழிக்குள் என்ன பீதி என்று நமக்கு எப்படித் தெரியும்? மனிதன் பக்கத்தில் நிற்பதை ஒரு தகுதியாகச் சொல்வது வேட்டைக்காரர்களின் பழைய வாதம். மாட்டை நேருக்கு நேர் நின்று கொல்லும் ஸ்பெயின்காரரும் அதையேதான் சொல்கிறார். நின்று பார்த்துவிட்டால் கொலை கழுவப்பட்டுவிடும் என்றால், மிகக் கொடூரமான ஆள்தான் மிக நேர்மையான ஆள் ஆகிவிடுவார்.

இந்த இடத்தில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன். வெளியே வர உதவியது ஒரு பிரெஞ்சுக்காரர்.

1952 ஜூன். பால் ஃபெலிக்ஸ் அர்மாந்-டெலீல், ஓய்வுபெற்ற மருத்துவர், பாரிஸுக்கு மேற்கே மெய்போவா என்ற இடத்தில் சுற்றுச்சுவர் வைத்த எஸ்டேட். உள்ளே முயல் தொல்லை. ஆஸ்திரேலியாவில் 1950இல் மிக்ஸோமா என்ற வைரஸைப் பரப்பிக் கோடிக்கணக்கில் முயல்களைக் கொன்றிருந்த செய்தியை அவர் படித்திருந்தார். ஸ்விட்சர்லாந்தில் ஓர் ஆய்வகத்திலிருந்து வைரஸை வரவழைத்து இரண்டே இரண்டு முயல்களுக்கு ஊசி போட்டு விட்டார். சில வாரங்களில் அவருடைய எஸ்டேட் சுத்தம். சுவர் கொசுவையும் தெள்ளுப்பூச்சியையும் நிறுத்தவில்லை. அடுத்த வருடம் ஐரோப்பாவின் பெரும்பகுதி. 1953இல் கடல் தாண்டி இங்கிலாந்தின் கென்ட். முயல் வேட்டைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் அவருக்கு 5000 பிராங்க் அபராதம் போட்டது. அப்புறம் 1956இல் மரம் வளர்ப்போரும் விவசாயிகளும் நன்றியோடு அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அபராதமும் பதக்கமும் ஒரே செயலுக்கு.

பிரிட்டனில் இரண்டு மூன்று வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் முயல்கள் செத்தன. நோய் வந்த முயலுக்குக் கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும், தலை உப்பும், காது கேட்காது, ரோட்டு நடுவில் திசை தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் வண்டியை நிறுத்தித் தடியால் அடித்துக் கொன்றுவிட்டுப் போனவர்கள் உண்டு. அதே சமயம் நோய் முயலைச் சாக்கில் போட்டுத் தன் நிலத்துக்குக் கொண்டுபோன விவசாயிகளும் உண்டு. அதனால்தான் 1954 சட்டத்தில் ஒரு விசித்திரமான பிரிவு இருக்கிறது: முயலைக் கட்டுப்படுத்துவது கடமை, ஆனால் இந்த நோயைத் தெரிந்தே பரப்புவது குற்றம்.

ஆஸ்திரேலியாவில் இந்த வைரஸைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் ஃபிராங்க் ஃபென்னர். மனிதர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று காட்ட இவரும் பர்னெட்டும் க்ளூனீஸ் ராஸும் தங்களுக்கே ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஃபென்னர் கண்டுபிடித்தது இன்று பரிணாமவியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. முதலில் விட்ட வைரஸ் கிட்டத்தட்ட எல்லா முயலையும் இரண்டு வாரத்துக்குள் கொன்றது. சில வருடங்களில் அதைவிட மெதுவான வகைகள் அதன் இடத்தைப் பிடித்தன. காரணம் எளிது: சீக்கிரம் செத்த முயலைக் கொசு கடிக்காது. மூன்று நான்கு வாரம் புண்ணோடு உயிரோடிருக்கும் முயலிலிருந்துதான் வைரஸ் நன்றாகப் பரவும். பாடப்புத்தகம் இதை வைரஸ் சாந்தமானது என்று சொல்லும். முயல்கள் பிழைக்கும் விகிதம் கூடியது உண்மைதான். ஆனால் சாகிற முயலின் பக்கத்திலிருந்து பார்த்தால் சாவு நீண்டிருக்கிறது. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க அங்கே யாரும் இல்லை.

இதைப் படித்தபோதுதான் நான் 'நேர்மை' என்று சொன்னது தப்பான சொல் என்று பட்டது. ஆள் பக்கத்தில் நிற்பதன் பயன் அவருடைய மனசாட்சிக்கு இல்லை. நிறுத்துவதற்கு ஒரு கை அங்கே இருக்கிறது என்பதுதான். வலையில் பூனை விழுந்தால் அவிழ்த்துவிடலாம். முயல் அடிபட்டுத் துடித்தால் அந்த நொடியே முடிக்கலாம். போதும் என்று சொல்லலாம். கண்ணிக்குப் போதும் தெரியாது, ஆனால் காலையில் ஒருவர் போய்ப் பிடுங்கலாம். வைரஸைப் பிடுங்க முடியாது. இதில் முயலுக்கும் பங்கு இருக்கிறது என்பதால் என் மனைவியின் கேள்விக்கு இது ஓரளவு பதில். முழுப் பதில் இல்லை. மாத்திரை விஷயத்தில் அவள் சொல்வது இன்னும் நிற்கிறது. மூடிய குழிக்குள் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் நடக்கிறது என்று வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது என்பதை மட்டும்தான் அதற்கு எதிராக என்னால் சொல்ல முடிந்தது.

இன்னொன்று, அளவு. இரண்டு ஃபெரட், ஒரு நாய், ஒரு கிழவர்: ஒரு காலையில் எத்தனை முயல் பிடிக்க முடியும்? அந்தச் சோம்பலான வேகம் ஒரு பாதுகாப்பு. வைரஸ் அந்த வேகத் தடையை எடுத்துவிட்டபோது என்ன ஆனது என்பதற்கு ஒரு வண்ணத்துப்பூச்சி சாட்சி. லார்ஜ் ப்ளூ என்று பெயர். அதன் புழு கொஞ்ச நாள் தைம் செடியைத் தின்றுவிட்டுக் கீழே விழும். ஒருவகைச் சிவப்பு எறும்பு தன் குஞ்சு என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு போகும். புழு எறும்புப் புற்றுக்குள் உட்கார்ந்து எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். அந்த எறும்புக்கு வெயில் படும் தரை வேண்டும், அதாவது ஒட்ட மேய்ந்த புல். மேய்ந்துகொண்டிருந்தவற்றில் முக்கியமானது முயல். முயல் போனது, புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு குறைந்தது, 1979இல் அந்தப் பூச்சி பிரிட்டனில் அற்றுப்போனது. ஜெர்மி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்து முடிக்கும்போது பூச்சி மிஞ்சவில்லை. பின்னர் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். முயலின் சொந்த ஊரில் இதைவிடப் பெரிய வேடிக்கை. ஐபீரியச் சிவிங்கிப் பூனைக்கு முயல்தான் சோறு. அங்கே நோய்களால் முயல் அவ்வளவு குறைந்துபோய், 2019இல் ஐயுசிஎன் முயலையே அருகிவரும் இனமாக அறிவித்தது. இங்கே ஒழிக்கக் கடமை, அங்கே காக்கக் கடமை.

இதற்கெல்லாம் எதிர் உதாரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அண்டார்ட்டிகாவுக்குப் போகும் வழியில் மெக்குவாரி என்று ஒரு தீவு. சீல் வேட்டைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் உணவுக்கு விட்ட முயல்கள் அங்கே மலைச்சரிவையே தின்று மண்சரிவு உண்டாக்கிவிட்டன. பென்குயின்களும் ஆல்பட்ராஸும் கூடு வைக்கும் சரிவுகள். அங்கே கிழவரும் ஃபெரட்டும் போதாது. ஹெலிகாப்டரில் விஷம் தூவினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறு பறவைகளும் அதில் செத்தன. அப்புறம் மிச்சமிருந்த சில முயல்களைத் தேடப் பயிற்சி பெற்ற நாய்கள், பென்குயின் குறுக்கே நடந்தாலும் திரும்பிப் பார்க்காத நாய்கள், தீவை வருடக்கணக்கில் மோந்தன. 2014இல் தீவு சுத்தம் என்று அறிவித்தார்கள். சரிவுகள் மறுபடி பச்சையாகிவிட்டன. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு இதைச் செய்திருக்கக் கூடாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அளவும் வேகமும் ஆபத்து என்று நான் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எங்கள் ரயில்வே சரிவுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தில் ஃபெரட்டுக்குக் கை தூக்கினேன். பதினேழுக்குப் பதினொன்று என்று அது ஜெயித்தது. அன்று ராத்திரி மனைவி கேட்டாள்: "கை தூக்கிட்ட. அவர் கொல்லும்போது நீ எங்க இருப்ப?" மூன்று பக்கம் யோசித்து எழுதிய வாதத்தை அவள் ஒரே வரியில் என் கையில் கொடுத்துவிட்டாள். நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றால், அந்த ஆள் யார்?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எட்டு மணிக்கு உறைபனி. நாய் ஐந்து குழிகளைத் தாண்டிப் போய் ஆறாவதில் நின்றது. கிழவர் என்னைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வலையின் முளையைக் கொடுத்து, நிழல் குழி வாயில் விழாமல் நிற்கச் சொன்னார். அன்று ஒன்பது முயல். ஆறாவது முயலை நான் வலையோடு பிடித்திருந்தேன். கைக்குள் அதன் இதயம் அடித்த வேகத்தை எண்ண முடியாது. அவர் வந்து வாங்கிக்கொண்டார். மெல்லிய சத்தம் ஒன்று, ஈரக் குச்சி ஒடிவது மாதிரி. வலை தப்பிய ஒன்றை லர்ச்சர் பட்டாணிக் கொம்புகளுக்கு நடுவே பிடித்தது. அது சத்தம் போட்டது. முயல் சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இன்னொன்று இருந்தது, ஒரு காலில் பழைய தழும்பு, நொண்டியது. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரோ சரிவில் கம்பி வைத்திருக்கிறார்கள் என்றார். குரலில் கோபம் இருந்தது.

மதியம் மூன்றரைக்கு இருட்ட ஆரம்பித்தது. ஃபெரட்டுகள் பெட்டிக்குள் போய்விட்டன. அவர் வலைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி எண்ணினார். காலையில் வைத்தது இருபத்துமூன்று. கையில் இருபத்திரண்டு. நான் விரல் விறைத்து வீட்டுக்குப் போகும் நினைப்பில் இருந்தேன், ஒரு வலை ஐம்பது பென்ஸ் இருக்குமா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சரிவின் மேல்முனையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நாயும் பின்னால் போனது. கால் மணி நேரம் கழித்து முள்ளுக்குள்ளிருந்த ஒரு குழி வாயில் அது கிடைத்தது, விரித்தபடி, காத்துக்கொண்டு. அதைச் சுருட்டிப் பையில் போட்ட பிறகுதான் வண்டிச் சாவியை எடுத்தார்.